எழுந்திருக்க ஒரு வார்த்தை

1

இந்தக் கதை என் வாயிலிருந்து தவறி விழுந்தது. கற்பனை என்று நினைத்துப் பாராட்டிவிடாதீர்கள்.

மேற்கு மாம்பலத்தில் வைரவன் செத்துப்போனான். ரங்கநாதன் தெருவில் பாவாடைத் துணி விற்றவன். தினமும் என்னோடு டீ குடித்தவன். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் போய்விட வேண்டும். நானோ அவன் பெண்டாட்டி புஷ்பத்தைப் பார்த்து, "போயிட்டு வரேம்மா" என்றேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது. (சொன்னது வேறு ஒருத்தன் என்று எழுதிப் பார்த்தேன். எவன் தலையிலும் பொருந்தவில்லை.)

வைரவனின் மச்சான் சக்திவேல் வாசல் வரை வந்தான். "திரும்ப எதுக்கு? இன்னொரு சாவுக்கு வரப்போறீரோ?"

2

வேறு தொடக்கங்கள்:

'துயரம் கடலைப்போல அவளைச்…' பெசன்ட் நகர் போய்க் கடலைப் பார்த்தேன். எல்லாரும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

'ஆழ்ந்த இரங்கலை…' இது புஷ்பத்தின் போனில் ஏற்கெனவே நிறையக் கிடக்கிறது. ஒருத்தர் அனுப்பியதையே அடுத்தவரும் அனுப்பியிருக்கிறார்.

3

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்து புஷ்பம் போன் பண்ணினாள்.

"வரேன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி."

"வாய் தவறிடுச்சும்மா."

"மத்தவங்க எல்லாம் முறையாத்தான் போனாங்க. ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை."

(இங்கே அவளை அழவைத்தால் கதைக்கு நல்லது. அவள் அழவில்லை.)

4

போனேன். காபி கொடுத்தாள். வைரவன் குறட்டையைப் பற்றிப் பேசினோம்.

"மேல்வீட்டுக்காரங்க வீட்டையே காலி பண்ணாங்களே" என்று சிரித்தாள். அப்புறம், "இப்ப அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றாள்.

இதற்கு ஒரு வார்த்தை தேடினேன். டம்ளரை நீட்டினேன். ஊற்றினாள்.

5

இனி கிளம்ப வேண்டும். வாழ்கிற வீட்டில் 'போறேன்' என்று சொல்லக் கூடாது. செத்த வீட்டில் 'வரேன்' கூடாது. இது இப்போது எந்த வீடு?

ஒரு முடிவு: பேசாமல் போய்விடுகிறேன். முறையாகப் போனவர்களில் நானும் ஒருத்தன்.

இன்னொன்று: 'வரேன்' என்கிறேன். அப்புறம் வந்தே ஆக வேண்டும். என் வயசுக்கு என் வார்த்தையை நானே நம்புவதில்லை. அவள் நம்புவாள், அதுதான் சிக்கல்.

மூன்றாவது முடிவு…

எந்த வீடு என்று நீங்களே சொல்லுங்கள். அதுவரை இந்த நாற்காலியிலேயே இருக்கிறேன். டம்ளர் காலியானதைப் பார்த்துவிட்டு, புஷ்பம் எதுவும் கேட்காமல் மறுபடி பால் வைக்கப் போயிருக்கிறாள்.