காவலர் வரும்வரை

நொயேமி மறுபடியும் சன்னலுக்குப் போனாள். தெருவில் பனிமூட்டமும் ஒரு பூனையும் தவிர யாருமில்லை.

"எத்தனை தடவைதான் பார்ப்ப? வந்து உக்காரு," என்றாள் அக்கா மிர்த்தா.

அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து இருவரும் இந்த வட இத்தாலியச் சிற்றூருக்கு வந்தது, தாத்தா இங்கே பிறந்தவர் என்ற உரிமையில் குடியுரிமை கேட்க. சான்றிதழ்களெல்லாம் சரியாக இருந்தன. ஆனால் விண்ணப்பித்தவர்கள் உண்மையிலேயே இங்கே குடியிருக்கிறார்களா என்று நகராட்சிக் காவலர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும். எப்போது வருவார் என்று சொல்லமாட்டார். ஒருமுறை வந்தபோது நொயேமி ஆற்றங்கரையில் உலாவிக்கொண்டிருந்தாள். "இன்னொருத்தர் எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்தான்.

அன்றிலிருந்து மிர்த்தா தங்கையை வாசற்படி தாண்ட விடவில்லை. ரொசாரியோவில் சொந்தமாக முடிதிருத்தும் கடை வைத்து, நாள் முழுக்க நின்றுகொண்டே பேசிப் பழகியவளுக்கு அந்த இரண்டு அறைகளுக்குள் மூச்சு முட்டியது. ஊர் வழக்கப்படி மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடித்தாள், துவைத்ததையே துவைத்தாள், அக்காவின் முடியை இரண்டு முறை வெட்டிவிட்டாள்.

"ரொட்டி வாங்கிட்டு ஓடி வந்துடறேன்க்கா."

"அந்த நேரம் பார்த்து அவர் வந்தா? பார்சிலோனாவுல வலேரியா தங்கறதுக்குக் காகிதம் இல்லாம, போலீஸைக் கண்டா சந்துக்குள்ள ஒளியறா. எனக்குக் கிடைச்சாத்தான் என் பொண்ணுக்கு வழி பிறக்கும். உனக்கென்ன, புள்ளையா குட்டியா? அதான் ஊர் சுத்தத் தோணுது!"

நொயேமி கத்தினாள். "புள்ள இல்லாதவதான் கடையைப் பூட்டிட்டு உனக்குத் துணையா வந்தேன்! எனக்கு எதுக்கு இந்த இத்தாலி? தூக்கிக் குப்பையில போடு!"

"போடுவ, போடுவ! கத்தாதே, கீழ் வீட்டுக்காரி மறுபடி மேலே ஏறி வருவா."

"வரட்டும்! நீ குளிக்கப் போனா வெந்நீரே மிச்சம் இருக்காதுன்னு அவகிட்டயும் சொல்றேன்!"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க நின்றிருந்தார் தொப்பையும் தொப்பியுமாய் ஒரு காவலர். மிர்த்தா அவசரமாக விலகி வழிவிட்டாள்.

அவர் உள்ளே வந்து, கலைந்து கிடந்த இரு படுக்கைகளையும் கொடியில் தொங்கிய துணிகளையும் பார்த்தார். "மாடிப்படி ஏறும்போதே பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேம்மா. கணக்குக் காட்ட மட்டும் வீடு எடுத்தவங்க வெந்நீருக்குச் சண்டை போடமாட்டாங்க. எங்க வீட்டுலயும் இதே பாட்டுத்தான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் மிர்த்தா மகளைப் போனில் அழைத்து, பேச முடியாமல் அழுதாள். நொயேமி மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி," என்றாள் மிர்த்தா.

"சொல்லிட்ட," என்றாள் நொயேமி. போய் இருட்டும்வரை நடந்தாள்.

குளிர் விட்டபோது இருவருக்கும் குடியுரிமை கிடைத்தது. மிர்த்தா நேரே பார்சிலோனாவுக்கு மகளிடம் போனாள். நொயேமி ரொசாரியோ திரும்பிக் கடையைத் திறந்தாள். வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள். இரண்டு நாட்டுக்காரி என்று கேலியும் செய்தார்கள். ஆனால் அக்காவின் நினைப்பில் கத்திரி பிடித்த கை அடிக்கடி நின்றது. மூன்று மாதம் முடிவதற்குள் கடையை விலைபேசிவிட்டு, பார்சிலோனாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உன் வீட்டுல எனக்கொரு கட்டில் போட இடம் இருக்கா?"

"வெந்நீர் இருக்காது," என்றாள் மிர்த்தா. "வா."