எல்முரோதின் பிடி

எங்கள் ஊர் பைசூனில் கல்யாணம் என்றால் மல்யுத்தம் உண்டு. மல்யுத்தம் என்றால் என் கேமராவும் உண்டு. பையன்களை வரிசையாக நிறுத்தி, "சிரிக்காதடா, ஆம்பளை மாதிரி முறைச்சுப் பாரு" என்று அதட்டி, இருபது வருஷமாகப் படம் பிடிக்கிறவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் களத்தில் நின்றது என் மகன் எல்முரோத், பதின்மூன்று வயது. ஜெயிக்கிறவனைத் தெர்மிஸ் நகர விளையாட்டுப் பள்ளிக்குக் கூட்டிப் போவதாகப் பயிற்சியாளர் அப்துமோமின் சொல்லியிருந்தார்.

எதிராளி தோஷ்தெமிரின் இடுப்புக் கச்சையைப் பிடித்து எல்முரோத் அலாக்காகத் தூக்கினான். படம் எடுத்துவிட்டேன். இனி தோஷ்தெமிரின் முதுகு மண்ணில் படவேண்டும், நடுவர் "ஹலோல்" என்று கத்தி வெற்றி கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். இந்தப் பாவிப் பயல் என்ன செய்தான் தெரியுமா? தூக்கியவனை மெல்ல இறக்கி நிற்கவைத்தான்.

"தொட்டில்ல போடுறான் பாருய்யா."

"அப்படியே தாலாட்டும் பாடுடா."

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் தோஷ்தெமிர் இவனைப் புரட்டிப் போட்டான். ஹலோல் அவனுக்கு. மானம் போனது எனக்கு.

வீட்டுக்கு வந்து படத்தை அச்செடுத்துப் பார்த்தேன். கச்சையில் பிடி இரும்பாக இருந்தது.

"ஏன்டா விட்டே?"

"அவன் தலை கீழ மடங்கியிருந்துச்சுப்பா. போட்டிருந்தா கழுத்து போயிருக்கும்."

படத்திலும் அப்படித்தான் இருந்தது. என் பிள்ளையின் தோளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அடுத்தவன் பிள்ளையின் கழுத்து கண்ணில் படவில்லை. இவனை அறைவதா, கட்டிக்கொள்வதா? ஒன்றும் விளங்காமல் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை அப்துமோமினே வந்துவிட்டார். எல்முரோத் நெஞ்சில் கைவைத்து வணங்கி, பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.

"அண்ணே, அந்த மாதிரி தூக்குறவன் தெர்மிஸ்ல கூட இல்ல. தோத்தாலும் பரவால்ல, கூட்டிட்டுப் போறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பிடி நழுவுச்சா, பாவம் பாத்து விட்டானா? பிடின்னா சரி பண்ணிடலாம். பாவம் பாக்குறவன் எனக்கு வேண்டாம்."

படம் என் கோட்டுப் பையில்தான் இருந்தது.

"நழுவிடுச்சு தம்பி" என்றேன்.

எல்முரோத் என்னைப் பார்த்தான். விருந்தாளி முன்னால் அப்பன் பேச்சைப் பொய்யென்று சொல்கிற பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது.

"கையில பலம் இருந்தா போதும். எங்க, என் கையை நசுக்கு பாப்போம்" என்று அப்துமோமின் கையை நீட்டினார்.

வால்நட்டை வெறும் விரலால் உடைக்கிறவன் எல்முரோத். தன் கையை அவர் கைக்குள் வைத்தான். வைத்தானே தவிர நசுக்கவில்லை.

"இவ்வளவுதானாடா?"

"இவ்வளவுதான் மாஸ்டர். அப்பாதான் சொன்னாரே."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார். என் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, என் மகன் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். திட்டவா, மன்னிப்புக் கேட்கவா என்று தெரியாமல், கோட்டுப் பையிலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.