சுதாஜினியின் கைவிசேஷம்

1

இந்தக் கதை மொன்றியலில் பியர்பொன்ட்ஸ் போகும் பஸ்ஸில், அரைத் தூக்கத்தில் எனக்குக் கிடைத்தது. ஏப்ரல் மாதம். தெருவெல்லாம் பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. விளக்குக் கம்பம் ஒன்றில் ஒரு தமிழ்ப் பெண்ணின் முகம். கீழே, நகரத் தலைமைக் கணக்காய்வாளர் பதவிக்கு வாக்களியுங்கள் என்று பிரெஞ்சில். கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். கம்பம் வெறுமையாக நின்றது.

(மொன்றியலில் அந்தப் பதவிக்கு ஆளை நியமிப்பார்கள், தேர்தல் கிடையாது. தெரியும். திருத்த வர வேண்டாம். கனவில் தேர்தல் நடந்தது, நடந்துவிட்டுப் போகட்டும்.)

2

முதல் தொடக்கம்: 'சுதாஜினி மிகவும் நேர்மையானவள்.' சீ! அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'மட்டக்களப்பில் பிறந்த சுதாஜினி, நகரத்தின் ஒவ்வொரு செலவையும் துருவித் துருவி' - பத்திரிகைச் செய்தி. விடுவோம்.

மூன்றாவது: சித்திரை வருஷப் பிறப்பன்று காலை, மூலிகை மருத்துநீர் வைத்து முழுகிய ஈரத் தலையோடு, தாய்மாமன் சிவானந்தத்தின் வீட்டுச் சாமியறையில் நின்றாள் சுதாஜினி.

இது பரவாயில்லை.

சிவானந்தம், தகப்பன் இல்லாத பிள்ளையைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக் கணக்கியல் படிக்கவைத்தவர். பனி அள்ளும் வண்டிகள் நாலு வைத்திருக்கிறார். அவற்றுக்கு வேலை கொடுப்பது நகரம். அவள் வென்றால் அந்தச் செலவைச் சோதிக்கப் போகிறவளும் அவள்தான். மேடை மேடையாக அவள் சொல்லிவந்தது இது: நகரத்திடம் வேலை எடுக்கும் எவரிடமும் ஐந்து சதமும் வாங்க மாட்டேன்.

இப்போது மாமாவின் கையில் மடித்த வெற்றிலை. உள்ளே இருபது டொலர்த் தாள். கைவிசேஷம். வருஷத்தின் முதல் காசு பெரியவர் கையால் வந்தால் ஆண்டு முழுக்க நன்றாயிருக்கும் என்பது எங்கள் ஊர்ப் பிடிவாதம். அதை வேண்டாம் என்பது முகத்தில் அறைவதற்குச் சமம்.

3

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அதே பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினேன். சுதாஜினி பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தாள்.

"என்ன அண்ணன், இருபது டொலருக்கா இந்தப் பாடு?"

"நீதானே புள்ள மேடையில சொன்ன?"

"நான் சொல்லல்ல. நீங்கதான் என்ட வாயில வெச்சீங்க."

"சரி, வாங்கிப்போட்டு, மறுகா நீயே எல்லாருக்கும் சொல்லிடு."

"மாமன்ட காசு வாங்கினவள் எண்டு எந்த நாளும் சொல்லுவாங்க. வாங்காட்டி மாமா அழுவார். அவர் அழுது நான் பார்த்ததில்ல, அண்ணன்."

பஸ் தன்பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் பாசம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு இது கூடாது.

4

முடிவு அ: மறுக்கிறாள். "ஓம், நம்மட காசு நாறுதாக்கும்" என்கிறார் சிவானந்தத்தின் மனைவி கிளி மாமி. அவள் தேர்தலில் வெல்கிறாள். அந்த வீட்டுக்குப் பிறகு போவதேயில்லை. (நன்றாகத்தான் இருக்கிறது. எழுத மனம் வரவில்லை.)

முடிவு ஆ: வாங்குகிறாள். ஜன்னலோரம் நின்ற ஒருவர் படம் எடுத்து - மலிவு. அடித்தேன்.

5

மூன்றாவது முடிவுக்கு உட்கார்ந்தபோது சிவானந்தம் வாய் திறந்தார். சத்தியமாக, அவருக்கு நான் வசனமே வைத்திருக்கவில்லை.

"எடு புள்ள, நல்ல நேரம் போகுது. சிட்டி வேலைய நேத்து விட்டுக்குடுத்திட்டன். இனி நான் உன்ட மாமன் மட்டும்தான்."

மாமி குறுக்கே வந்தார். "ஐயோ! நாலு வண்டி றைவர்மாரும் புள்ளகுட்டிக்காரர். அவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"அத நான் பாத்துக்குவன்."

எப்படி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது வாங்கினால் அவள் வாக்குத் தவறவில்லை. நாலு வீட்டுப் பிழைப்புப் போகும். வாங்காவிட்டால் அவர் அந்த வேலையை நாளைக்கே போய்த் திரும்பக் கேட்கலாம். ஆனால் தன் பிழைப்பையே அவளுக்காகத் தூக்கி எறிந்த மனிதரிடம் வேண்டாம் என்று யார் சொல்வது? என்னால் முடியாது. இவ்வளவு காலம் எழுதியவன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முடியாது.

சுதாஜினி மாமாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள். நான் எழுந்து போகிறேன். அவள் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். மாமா இன்னும் கையை இறக்கவில்லை.