புது எண்ணெய்ச் சமூசா

அன்று காலையும் அந்த வெள்ளை எலி, கூட்டுக் கம்பியில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்து நின்று பஸ்லியாவைப் பார்த்தது. அறிவு கெட்ட சென்மம்! வாய்க்குள் குழாயை விட்டு எண்ணெய் ஊற்றுகிறவர்களோடு வருகிறவளைக் கண்டு இப்படியா ஆசையாக நிற்பது? ஆய்வுகூடத்தில் எலிகளுக்குத் தீன் வைப்பதும் கூடு கழுவுவதும் அவள் வேலை. ஒரு பகுதி எலிகளுக்குப் புதுத் தேங்காயெண்ணெய், மற்றப் பகுதிக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சிய கடை எண்ணெய். அந்தக் கடை எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். கல்முனைக்குடியில் சமூசா பொரித்து விற்கும் அவள் புருசன் ஜவுபர், "எலிக்கா? நல்லாக் குடு, கொழுக்கட்டும்" என்று சிரித்துச் சிரித்துப் போத்தலில் வார்த்துக் கொடுத்திருந்தான்.

போன கிழமை சில எலிகளை அறுத்தார்கள். புது எண்ணெய் குடித்தவற்றின் ஈரல் நல்ல சிவப்பாக இருந்தது. மற்றவற்றினது வீங்கி, வெளிறிப்போய், தொட்ட கையில் பிசுபிசுத்தது. பஸ்லியா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இதக் கடக்காரங்களுக்குச் சொல்லுவீங்களா மெடம்?"

"முதல்ல எழுதி முடிக்கணும்" என்றார் ஆய்வை நடத்தும் மெடம், கையுறையைக் கழற்றியபடி.

வீட்டில் சொன்னாள். ஜவுபர் கேட்டால்தானே! "எலிக்கும் மனிசனுக்கும் ஒண்டா புள்ள? ஊரே திண்டுட்டு நல்லாத்தானே இரிக்கி? ஒவ்வொரு நாளும் புது எண்ணெ ஊத்தினா கடய மூடிட்டுக் கடலப் பாத்துக்கிட்டு இரிக்கவேண்டியதுதான்." அதற்குமேல் என்ன கதைப்பது? அந்தச் சட்டியை நம்பித்தான் வீட்டு அடுப்பும் எரிந்தது.

அன்று மகள் ஜெனூபாவுக்கு முதல் நோன்பு. பக்கத்து வீட்டு றிஸ்னாவுக்கும் முதல் நோன்பு. தண்ணீர் குடித்துவிடக் கூடாதென்று பகல் முழுக்க ஒன்றையொன்று காவல் காத்துக்கொண்டு இரண்டும் பாயில் சுருண்டு கிடந்தன. நோன்பு திறக்கிற நேரம் நெருங்க, றிஸ்னா தன் வீட்டுக்கு ஓடினாள். ஜவுபர் இரண்டு தட்டுகளோடு வந்தான்.

"சின்னத் தட்டு நம்மட புள்ளைக்கு. பெரிய தட்ட அங்கால குடு. அந்தப் புள்ளயும் நோன்புதானே."

சின்னத் தட்டில் கிடந்தவை பொன்னிறம். பெரிய தட்டில் கிடந்தவை கருஞ்சிவப்பு.

"இது புது எண்ணெயா?"

மகளின் தலையைத் தடவிக்கொண்டு நின்றவன், "ஓம்" என்றான்.

"அப்ப நான் சொன்னத்த நம்பித்தான் இரிந்திரிக்கீங்க."

"மெதுவாக் கதை. வேலிக்கு அங்கால கேக்கும்."

பெரிய தட்டை அப்படியே குப்பையில் கொட்ட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கொட்டினால் ஏனென்று கேட்பார்கள். சொன்னால் நாளைக்குக் கடைப்பக்கம் ஒரு குருவி வராது. அதைவிட வெட்கம், பிள்ளைக்கென்று தனியாகப் பொரித்திருக்கிறானே என்று அவள் நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தும் போயிருந்தது. சீ!

றிஸ்னா மறுபடியும் வந்து, வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். "மாமா சமூசா கொண்டுவந்திட்டாரா மாமி?"

"ஓம் மகள்."

பஸ்லியா தட்டைத் தூக்கி வேலிக்கு மேலால் கொடுத்தாள். "முதல்ல ஈச்சம்பழத்தத் தின்னு" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

பள்ளிவாசல் பாங்கு கேட்டது. ஜெனூபா சின்னத் தட்டுக்குக் கை நீட்டினாள். பஸ்லியா எடுத்த தண்ணீர்க் கோப்பையைத் திரும்பக் கீழே வைத்தாள். வேலிக்கு அப்பால் மொறுமொறுவென்று கடிக்கிற சத்தம்.

"நல்ல ருசி மாமி!" என்றாள் றிஸ்னா, எண்ணெய் மினுங்கும் விரல்களால் இன்னும் கம்பியைப் பிடித்தபடி.