நீச்சல்: மிக நன்று

என் வீட்டுக்காரருக்குப் படிவம் என்றால் உயிர். ஒரு கட்டட நிறுவனத்தில் டெண்டர் தயாரிக்கிற பிரிவில் இருக்கிறார். பதினேழு வருடமாக அவர் நிரப்பிய எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை, ஒரு கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதியதில்லை. கிரேன் இருக்கிறதா? இருக்கிறது. இதே மாதிரி வேலை முன்பு செய்திருக்கிறீர்களா? செய்திருக்கிறோம். டெண்டர் கைக்கு வந்த பிறகு கிரேனைத் தேடிக்கொள்ளலாம். நல்லவேளை, அவர்கள் கட்டிய கட்டடம் எதிலும் நாங்கள் குடியிருக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் கையில் அந்தப் பயண நிறுவனம் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு படிவத்தைக் கொடுத்தது.

குழந்தைகளோடு வெளிநாட்டுக்குப் போய்ச் சாகசம் செய்கிற விடுமுறை அது. நான்கே குடும்பம், மொத்தம் பன்னிரண்டு பேர். மலை ஏறலாம், கயிற்றுப் பாலத்தில் நடக்கலாம், ஆற்றில் படகு விடலாம். எல்லாவற்றையும் ‘பொறுப்போடு’ செய்யலாம் என்று அவர்களுடைய விளம்பரத் தாளில் எட்டு இடத்தில் போட்டிருந்தது, நான் எண்ணினேன். எங்கள் வாண்டுக்கு வயது ஒன்பது. செல்போனை விட்டு அவன் தலை நிமிரவேண்டும் என்று அவன் அப்பா முடிவு கட்டினார். அந்த முடிவை அவர் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

படிவத்தின் தலைப்பிலேயே தெளிவாகக் கேட்டிருந்தார்கள்: உங்கள் பிள்ளையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், இதை வைத்துத்தான் அவருக்கு எது ஏற்றது என்று முடிவு செய்வோம். மற்றவர்கள் இதைப் படித்திருந்தால் பாதுகாப்புக்குக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். இவர் கண்ணில் ‘முடிவு செய்வோம்’ மட்டும்தான் பட்டது. உடனே டெண்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

“என்னங்க இது? நீச்சல், மிக நன்றுன்னு எழுதியிருக்கீங்க? பக்கெட் தண்ணியைப் பாத்தாலே ஓடுற பயலுங்க இவன்.”

“சுமார்னு போட்டா எடுப்பாங்களா? நாலே குடும்பம். போட்டி இருக்கும்ல?”

“உயரமான இடங்களில் அனுபவம், ஐந்து ஆண்டுகள்?”

“நாம மூணாவது மாடிக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சே.”

போன விடுமுறையில் வாண்டு பதினொரு நாள் நீச்சல் வகுப்புக்குப் போனான். பதினொரு நாளும் ஓரத்துக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மேடம்” என்று பயிற்சியாளர் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவைத்தார். அனுப்பும்போது, வந்த எல்லாருக்கும் கொடுக்கிற சான்றிதழை இவனுக்கும் கொடுத்தார். அதை மனுஷன் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்! இரண்டு நகல் எடுத்து, முத்திரை தெரிகிற மாதிரி படிவத்தோடு இணைத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்த கையோடு கடைசிப் பக்கத்தில் தாய் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். இத்தனைக்கும் நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் கிறுக்கியதை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட எடுத்து நீட்டமாட்டேன்.

எங்களை ‘தேர்ந்தெடுத்து’விட்டார்கள். பணம் கட்டின எல்லாரையும்தான் எடுத்தார்கள் என்று சொன்னால் இவர் மனசு உடைந்துவிடும், அதனால் சொல்லவில்லை.

போய் இறங்கினோம். ஏழு மணி நேரம் விமானத்தில் பறந்து வந்தவர்கள், அங்கே சந்தையில் ‘பொறுப்போடு’ துணிப்பையில் தக்காளி வாங்கினோம். பூமி பிழைத்துக்கொண்டது. எங்களை அழைத்துப் போனவள் எங்கள் மொழி பேசுகிற பெண்தான். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு விசில் அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேலையில் கெட்டிக்காரி. யாருக்குக் கால் வலிக்கிறது, யார் தண்ணீர் குடிக்கவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாததற்குப் படிவத்தைப் பார்த்துக்கொள்வாள். நான்கு குடும்பத்தின் படிவத்தையும் மழை படாத உறையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தாள்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் பல் டாக்டர். அவர் மகள் பதினொரு வயதுக்காரி, நிஜமாகவே மீன் மாதிரி நீந்துவாள். விடுதிக் குளத்தில் அவள் குதித்ததைப் பார்த்ததிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“எங்க பையனும் சர்டிஃபிகேட் ஹோல்டர் சார்” என்று வலியப் போய்ச் சொன்னார்.

“அப்படியா! குளத்துப் பக்கமே ஆளைக் காணோமே?”

“குளமெல்லாம் அவனுக்குப் போரடிக்கும் சார். ஆறுன்னா இறங்குவான்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாண்டு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் அப்பாவையே பார்த்தான்.

அன்று முதல் தினம் காலையில் கண் விழித்ததும் ஒரே கேள்வி. “இன்னிக்கு ஆறு இருக்காம்மா?”

“இல்லடா. மலைதான்.”

உடனே நிம்மதியாகப் பல் துலக்கப் போவான். இரண்டாம் நாள் அரைச் சாப்பாடுதான் சாப்பிட்டான். மூன்றாம் நாள் அதுவும் இல்லை, வயிறு வலிக்கிறது என்றான். வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் மாத்திரை கொடுத்தேன். மருந்துக்கடைக்காரி புத்தி மாத்திரையைத் தாண்டிப் போகவில்லை.

மூன்றாம் நாள் மாலை விசில் அக்கா எல்லாரையும் உட்காரவைத்து மறுநாள் ஆற்றுப் பட்டியலை வாசித்தாள். நீச்சல் தெரியாதவர்களும் சின்னப் பிள்ளைகளும் படகோட்டியோடு பெரிய படகில். நன்றாக நீந்துகிற இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் தனித்தனியாக ஒற்றைப் படகு. ஒன்று டாக்டர் மகளுக்கு. இன்னொன்று எங்கள் வீட்டு சர்டிஃபிகேட் ஹோல்டருக்கு.

இவரோ எழுந்து நின்று கை தட்டுகிறார்! அறைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“இப்பவே போய்ச் சொல்லிடுங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு.”

“இப்பப் போய்ச் சொன்னா பொய் ஆவணம் குடுத்ததா ஆகும். பாதியிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டுமே.”

“டாக்டர் முன்னாடி என் மானம் போகணுமா? லைஃப் ஜாக்கெட் குடுக்கிறாங்க, ஹெல்மெட் குடுக்கிறாங்க. ஓரமாவே போய்டுவான். நீ சும்மா பதறாத.”

“ஆமாமா, ஆத்துக்கும் ஒரு படிவம் குடுத்து நிரப்பச் சொல்லுங்க. ‘எங்கள் ஓரத்தில் ஆழம் இல்லை’ன்னு அதுவும் எழுதிக் குடுத்துடும்.”

நல்ல பதில். எனக்கே திருப்தியாக இருந்தது. இன்னும் நாலைந்து நறுக்கென்று கொடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார், நானும் படுத்தேன். விசில் அக்காவின் அறை எங்கள் அறைக்கு எதிரிலேயே இருந்தது. கதவைத் தட்டப் பத்து அடி நடக்கவேண்டும். நான் நடக்கவில்லை. காலையில் இவரே சொல்லிவிடுவார், கடைசி நேரத்தில் புத்தி வரும் என்று எனக்கு நானே காதில் பூச்சுற்றிக்கொண்டேன்.

காலையில் வாண்டு எதுவும் கேட்கவில்லை. நான் சொல்வதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

ஆறு படத்தில் பார்த்த ஆறு மாதிரி இல்லை. கரையோரம் அமைதியாக இருந்தது, இருபது அடி தள்ளி உருண்டு புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. ஒற்றைப் படகோ, ஒரு பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்தால் நிரம்பிப்போகிற அளவுதான். விசில் அக்கா அவனை உட்காரவைத்து, ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்த்து, துடுப்பைக் கையில் கொடுத்தாள்.

“நீ நல்லா நீந்துவேன்னு அப்பா எழுதியிருக்கார். அதனால நீ முன்னாடி போ. கவுந்தாலும் பயம் இல்ல, ஜாக்கெட் மேல தூக்கும், நீ கரைப் பக்கமா நீந்தி வந்துடணும். சரியா?”

“சரிக்கா” என்றான். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். உதடு வெளுத்துவிட்டிருந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தான். அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். விசில் அக்கா படகின் பின்பக்கத்தில் கை வைத்தாள், தள்ளுவதற்கு.

என் வாயில் அப்போதும் ஒரு நக்கல்தான் தயாராக இருந்தது, இவரைப் பார்த்துச் சொல்ல. அதை விட்டுவிட்டேன். செருப்போடு தண்ணீரில் இறங்கி ஓடினேன்.

“தள்ளாதீங்க! அவனுக்கு நீச்சல் தெரியாது! ஒரு மண்ணும் தெரியாது! பொய்யா எழுதிட்டோம்!”

ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கத்தியிருக்கிறேன். பெரிய படகில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் அவன் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் படகு சாய்ந்து, தாயும் பிள்ளையும் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தோம்.

“அவ கொஞ்சம் பயந்த சுபாவம்” என்று கரையிலிருந்து இவர் குரல் வந்தது.

விசில் அக்கா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. பேயறைந்த மாதிரி இருந்தாள். பிறகு அவனிடம் குனிந்து கேட்டாள், “உண்மையைச் சொல்லு கண்ணா. உனக்கு நீந்தத் தெரியுமா?”

அவன் அப்பாவைப் பார்த்தான். பல் கிடுகிடுவென்று ஆடியது.

“தெரியும்க்கா. சர்டிஃபிகேட் இருக்கு.”

இவர் கையில் இருந்த செல்போன் தாழ்ந்தது.

விசில் அக்கா இடுப்பு உறையிலிருந்து எங்கள் படிவத்தை உருவினாள். “சார், உங்களுக்கும் பத்து வருஷப் படகு அனுபவம்னு இருக்கே. அதாவது நிஜமா?”

“அது... ஆபீஸ் டூர்ல ஒருதடவை... மோட்டார் படகுல...” என்று இழுத்தார்.

அவரைப் பெரிய படகின் நடுவில், சாப்பாட்டு மூட்டைக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் இடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தார்கள். பத்து வருஷ அனுபவம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிளம்பிப் போனது. என்னையும் வாண்டையும் சாமான் வேனில் ஏற்றி, படகுகள் போய்ச் சேருகிற இடத்துக்குச் சாலை வழியாக அனுப்பினாள் விசில் அக்கா. கதவைச் சாத்தும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

“படிவத்தை நம்பித்தான் மேடம் நான் படகுல கையை வெச்சேன்.”

வேனில் நாங்கள் இருவரும் டிரைவரும்தான். அவருக்கு எங்கள் மொழி தெரியாது. துண்டால் அவன் தலையைத் துவட்டிவிட்டேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

“வரட்டும் உங்கப்பா. இன்னிக்கு இருக்கு அவருக்கு.”

“அப்பாவைத் திட்டாதம்மா.”

“திட்டாம? கொஞ்சச் சொல்றியா?”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் பக்கம் திரும்பினான். அவனுக்கே உரிய அந்த மெல்லிய குரலில் கேட்டான்.

“நான் தண்ணிக்குள்ள முங்கிப் போயிருந்தாலும் அப்பாவைத் திட்டியிருப்பியாம்மா?”

“கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பேன்!”

“அப்புறம்?”

நான் துவட்டுவதை நிறுத்தினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருந்தான். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் நான். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார்.