பாரம் மாறிய கறிக்குழம்பு

1

நான் வைத்த கறிக்குழம்பின் வாசம் சிவகாசியில் கிளம்பி இருக்கன்குடி வரை போனது. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு நடந்தவர்கள் பாதை தவறி எங்கள் தெருவுக்குள் வந்து நின்றார்கள். காரியாபட்டியில் ஒரு கண்டக்டர் விசில் ஊத மறந்து, மூச்சை உள்ளேயே இழுத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் கிடக்கட்டும். அந்தக் குழம்பைத் தின்ன, செத்துப்போன ஒருவன் வந்து உட்கார்ந்தான்.

நம்ப மாட்டீர்கள். நானே எழுதிவிட்டு ஒருமுறை சிரித்துக்கொண்டேன்.

கதை பிறந்த இடம் அச்சாபீஸ் கழிவு. ஆப்செட் பிரஸ் ஒன்றில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சமையல் புத்தகங்கள் எங்கள் கை வழியாகத்தான் ஊர் ஊராகப் போகும். கெட்டுப்போன பிரதிகள் மட்டும் என் வீட்டுக்கு வரும். அட்டை இல்லாதது, நிறம் விலகி ஒவ்வொரு இட்லிக்கும் நீல நிழல் விழுந்தது, வற்றல் குழம்பு மட்டும் இரண்டு தடவை வருவது. உலகத்திலேயே பெரிய சமையல் நூலகம் என்னுடையதுதான். (ஒரு மர அலமாரி. அதிலும் கீழ்த்தட்டில் ஹெப்சிபாவின் சேலைகள்.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

‘எம். புதுப்பட்டியில் அய்யப்பன் என்று ஒரு லாரி டிரைவர். நல்ல தின்னி. ஒருநாள் லோடு ஏற்றிக்கொண்டு அவன்’

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. என் மனைவி ஹெப்சிபா முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டாள்.

“யாரு இந்த அய்யப்பன்?”

“கதையில வர்ற செத்தவன்.”

“ஏன், நம்ம பிள்ளைக்குப் பேரு இல்லையா?”

அய்யப்பனைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். பேர் சாலமன்ராஜ். எங்களுக்கு ஒரே மகன். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தான். போன வருசம் சீசன் உச்சத்தில் இருந்தபோது

[இங்கே விபத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஒரு கொசு கடித்ததைக்கூட யானை மிதித்ததாகச் சொல்லத் தெரிந்தவன் நான். அதை எப்படிப் பெரிதாக்குவது என்று தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.]

3

அதற்குப் பிறகு ஹெப்சிபா உப்பில்லாத கஞ்சியைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. “அவனுக்கு இல்லாத ருசி எனக்கு எதுக்கு” என்றாள். அவ்வளவுதான். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். தன் உடம்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட வேலை பார்த்த ஜெமிமா வந்து பிரஷர் பார்த்தாள்.

“அக்கா, இப்படியே போனீகன்னா மூக்குல டியூப் வச்சுத்தான் ஊத்தணும்.”

“ஊத்து. அதுல ருசி தெரியாதுல்ல.”

ஜெமிமா என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைத் திறந்தேன்.

சமையல் புத்தகங்கள் எல்லாம் ‘நால்வருக்கு’ என்றே ஆரம்பிக்கின்றன. இதை யார் முடிவு செய்தார்களோ தெரியாது. மூன்று பேராக இருந்தபோது எல்லாவற்றிலும் கால்பங்கு குறைப்பேன். இரண்டு பேருக்குப் பாதி போட்டால் போதும், கணக்கு எளிது. எளிதாக இருப்பதுதான் பிடிக்கவில்லை. அதனால் மூன்று பேருக்கே சமைத்தேன்.

ஹெப்சிபாவிடம் ஒரு பலவீனம் உண்டு. பொய்யைப் பொறுக்க மாட்டாள். காய்ச்சல் கொஞ்சம்போல என்று சொன்னால்கூட தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வருவாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த வெண்டைக்காய் மண்டி வாசத்துக்கே பக்கத்து வீட்டுச் சங்கரபாண்டியனுக்குச் சுகர் எறங்கிருச்சு.”

“பொய்யி.”

“தொட்டு வச்சுப் பாத்துட்டுச் சொல்லு.”

பொய் என்று நிரூபிக்க ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைப்பாள். “பொய்யிதான்” என்று விரலைக் கழுவிக்கொண்டு போவாள். ஒரு நாளைக்கு அந்த ஒரு விரல் அளவு.

விரலைக் கரண்டியாக்க வேண்டுமென்றால் பொய்யையும் பெரிதாக்க வேண்டும். மிளகு ரசத்தைக் குடித்துவிட்டுக் கண் தெரியாதவர் பேப்பர் படித்தார் என்றேன். அவித்த மொச்சையைக் கேட்டு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்திருப்பதாகச் சொன்னேன். என்னைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்த கையோடு ஆட்டுக்கறி வாங்கினேன். அட்டையில்லாத தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து அடுப்புப் பக்கத்தில் விரித்தேன். இடது பக்கம் முடியும் இடத்தில் ‘கறி முக்கால் பதம் வெந்ததும்’ என்றிருந்தது. எதிரே வலது பக்கத்துக்குத் தாவினேன். ‘பொடித்த வெல்லத்தைப் போட்டுக் கரைந்ததும் ஏலக்காய் தட்டி, நெய்யில் வறுத்த முந்திரியைச் சேர்க்கவும்.’

சேர்த்தேன்.

(பதினாறு பக்கம் கொண்ட ஒரு மடிப்பை அச்சாபீஸில் பாரம் என்போம். பாரங்களை வரிசை மாற்றி அடுக்கினால் கறிக்குழம்பு பாயசத்தில் போய் முடியும். பக்க எண்ணைப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நான் பார்க்கவில்லை. ஆயுசெல்லாம் பாரம் அடுக்கியவன் புத்தகத்தைச் சந்தேகப்படுவானா? எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய கிறுக்கு இது.)

கொதி வந்ததும் கத்தினேன்: “ஹெப்சி, இந்தக் கொழம்புக்குச் செத்தவனும் எந்திரிச்சு வந்துருவான்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது.

அவள் வந்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. விரலை நீட்டவில்லை, கரண்டியை எடுத்தாள். வாயில் வைத்தாள்.

“கறிக்கொழம்புல வெல்லமா?”

“புத்தகத்துல அப்படித்தான்…”

இன்னொரு கரண்டி. பிறகு தட்டை எடுத்துச் சோறு போட்டு அதன்மேல் ஊற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாலமன் அப்படித்தான் உட்காருவான். இவள் எப்போதும் நாற்காலிதான். சாப்பிட்டாள். முந்திரியை ஓரமாக ஒதுக்கினாள். இவளுக்கு முந்திரி என்றால் உயிர், ஒதுக்குகிறவன் அவன். தட்டை விரலால் வழித்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“நல்லாருக்குப்பா.”

நான் எதைச் சமைத்து நாசமாக்கினாலும் என் மகன் சொல்கிற வார்த்தை அது. “அப்பனும் மகனும் சேந்து பொய்யி சொல்றீக” என்று இவள் வைவாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை “ஏங்க” என்பாள், கோபத்தில் “இங்கேருங்க” என்பாள். அப்பா என்று சொன்னதே கிடையாது.

5

முடிவுகள்.

அ) மறுநாளே ஹெப்சிபா அயிரை மீன் கேட்டாள், உடம்பு தேறியது. (அழகான முடிவு. நடக்கவில்லை. மறுநாளும் கஞ்சிதான். உப்புப் போட்டிருந்தாள்.)

ஆ) சாலமன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, வாசல்வரை போய்

இ) யாரும் வரவில்லை. “நல்லாருக்குப்பா” என்று யாரும் சொல்லவில்லை. ஆசையில் ஒரு கிழவன் காதில் விழுந்தது. இது ஹெப்சிபாவின் கட்சி. அன்றிலிருந்து இன்றுவரை, “நான் அப்படிச் சொல்லவே இல்ல” என்றே சாதிக்கிறாள்.

இவற்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி முடித்துவிட்டு, முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டே கேட்டாள். இருக்கன்குடியை விட்டுவிட்டாள். கண்டக்டருக்கு உதட்டைச் சுழித்தாள். வாசித்து முடித்ததும் முறத்தை ஒருமுறை குலுக்கினாள்.

“மூணு தடவ வாங்குனான்னு எழுதியிருக்கீக.”

“ஆமா.”

“பொய்யி. அடிங்க.”

“எதை அடிக்க? கதை முழுசையுமா?”

ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

“மூணை மட்டும் அடிங்க. ஒரு தடவதான் வாங்குனான்.”

“ஹெப்சி…”

“வந்தான்ல. அது இருக்கட்டும்.”