இருமலுக்குப் பிறகு வரும் பாட்டு

சிட்டுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. சாப்பிட வாய் திறக்க அவளுக்கு ஒரு பாட்டு வேண்டும். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி என்றில்லை, அந்த ஒரு பாட்டுதான். எங்கோ ஒரு மேடையில் ஒரு பெண் பாடியதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். அவள் தொடங்குவதற்குச் சற்று முன் கூட்டத்தில் யாரோ இருமுவார். அந்த இருமல் கேட்டதும் சிட்டு ஆள்காட்டி விரலைத் தூக்குவாள். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். பாட்டு திரும்பத் திரும்ப ஓடும், கிண்ணமும் காலியாகிவிடும்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டுச் செயலி இருவர் போனிலும் இருந்தது. யார் ஊட்டினாலும் போனைத் தட்டினால் போதும்.

ஒருநாள் காலையில் அந்தப் பாட்டின் பெயர் மட்டும் சாம்பல் நிறமாகக் கிடந்தது. எத்தனை தட்டியும் ஓடவில்லை.

"டவுன்லோட் பண்ணித்தானே வெச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி.

"வெச்சிருந்தேன். அதையும் சேர்த்துல்ல பூட்டிட்டாங்க."

சிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உதடுகளை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டாள். மதியமும் அப்படியே. சாயங்காலம் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தாள். அம்மா தன் கையைக் குறுக்கே வைத்துத் தாங்கினாள். மறுநாள் கடையில் அந்தக் கையால் திருகாணியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

செயலிக்காரர்களுக்கு அவன் எழுதினான். அந்தப் பாட்டுக்கான உரிமம் முடிந்துவிட்டது, வருந்துகிறோம், இதே போன்ற பாடல்கள் கீழே உள்ளன என்று பதில் வந்தது.

"இதே மாதிரியாம்!" என்றாள் மனைவி. "புள்ளையக் காணோம்னு அழறவங்ககிட்ட பக்கத்து வீட்டுப் புள்ளையக் காட்டுறானுங்க."

அவளுடைய தம்பி ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவன். விஷயம் கேள்விப்பட்டதும் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தான்.

"மாமா, அது வாடகை வீடு மாதிரி. காலி பண்ணச் சொன்னா பண்ணித்தான் ஆகணும். நம்ம பாட்டு நம்ம வீட்டுலயே இருக்கட்டும். ஒரு பய கை வைக்க முடியாது."

அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருப்பு அலமாரியின் மேல் வைத்தான். சொந்தக்காரர்கள் பரணில் கிடந்த பழைய பாட்டு டிஸ்க்குகளைப் பை பையாகக் கொடுத்தார்கள். வேலை முடிந்து வந்ததும் கிரீஸ் போகக் கையைக் கழுவிக்கொண்டு, சிட்டுவின் அப்பா ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டுப் பாட்டுகளை உள்ளே ஏற்றினான். குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலிருந்தும் போன் வழியாகக் கேட்கலாம் என்று ஆயிற்று. சந்தாவை நிறுத்தினார்கள். ஆனால் வேண்டிய பாட்டு மட்டும் அந்தப் பைகளில் இல்லை.

அதற்குள் சிட்டுவின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அவள் அசந்திருக்கும்போது இரண்டொரு வாய் ஊட்டினார்கள்.

கடைசியில் பழைய டிஸ்க் விற்பவர் ஒருவரிடம் அது கிடைத்தது. அதே மேடை, அதே பெண். பிரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் உறையைப் பல்லால் கிழித்தான். பாட்டு ஏறியது. மனைவி கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். சிட்டு ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். விரல் பாதி எழுந்தது.

பாட்டு நேராகத் தொடங்கிவிட்டது.

அவள் விரல் அப்படியே நின்றது. பிறகு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினாள்.

அவன் டிஸ்க் விற்றவருக்குப் போன் போட்டான்.

"சார், அது சுத்தம் பண்ணின பதிப்பு. இருமல் கிருமல் எல்லாம் எடுத்துட்டாங்க. தெளிவா இருக்குமே?"

"எனக்கு அந்த இருமல்தாங்க வேணும்."

அவர் போனை வைத்துவிட்டார். தன்னைக் கேலி செய்வதாக நினைத்திருப்பார்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. போனில் தானே இருமிப் பதிவு செய்தான். மச்சினன் அதைப் பாட்டின் முன்னால் ஒட்டிக் கொடுத்தான். "மாமா, இன்னும் கொஞ்சம் தூரத்துல நின்னு இருமுங்க, நீங்க மேடை மேலயே ஏறி இருமுற மாதிரி இருக்கு" என்று அவனைப் பலமுறை இரும வைத்தான். தொண்டை எரிந்தது. அன்று வீட்டில் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

மறுநாள் மதியம் போட்டார்கள். ஸ்பீக்கரில் அப்பாவின் இருமல் கேட்டது. சிட்டு விரலைத் தூக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். டம்ளரில் தண்ணீர் பிடித்து, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா இருமினால் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று பள்ளியில் ஒரு வருடமாகப் பழக்கியிருந்தார்கள். இதுவரை ஒருமுறைகூட அவளாகக் கொடுத்ததில்லை.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் வாங்கிக் குடித்தான். வேறென்ன செய்வது? டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்ட சிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். பாட்டு யாருக்கோ ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர் எடை பார்த்தார். இன்னும் இப்படியே இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். "வேற ஏதாவது பழக்கிப் பாருங்க" என்றார். அவரும் வேறென்ன சொல்வார்?

வீட்டுப் பாட்டுப் பெட்டி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மச்சினன் மனைவி போன் செய்தாள்.

"அண்ணா, நாள் பூரா அதான் ஓடுது. விளம்பரம் இல்ல, தொல்லை இல்ல. நல்ல வேலை பண்ணினீங்க."

"கேளும்மா, நல்லா கேளு" என்றான்.

போனை வைத்ததும் செருப்பு அலமாரியருகே போய் நின்றான். பெட்டியில் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. எங்கோ யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அணைப்பதற்காகக் கையை வைத்தான்.

"விடுங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "அதை அணைச்சா மட்டும் இவ சாப்பிட்டுடுவாளா?"

கையை எடுத்துக்கொண்டான். கிண்ணத்தில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. மறுபடி சுட வைக்க எடுத்துக்கொண்டு போனான்.